ஈர எடை

அந்த ஹாலில் எட்டுக் கட்டில், எட்டு மெஷின், ஒரே ஒரு டிவி. ரிமோட் யார் கையில் இருப்பது என்று தினமும் சண்டை வந்ததால் ரூபி ஒரு சட்டம் போட்டாள். ரூபி அங்கே டயாலிசிஸ் டெக்னீஷியன். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வருகிற எட்டுப் பேரும் முதலில் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். இருக்க வேண்டிய எடைக்கு மேல் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்பதை அவள் வெள்ளைப் பலகையில் பெயருக்கு நேராக எழுதுவாள். யாருக்கு ஏற்றம் குறைவோ, அவர் கையில் நாலு மணி நேரத்துக்கு ரிமோட். தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் அவள் கண்டுபிடித்த விளையாட்டு அது.

விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் கமர்ஜஹானுக்குக் கிடையாது.

நாகல் நகரில் கமர்ஜஹான் என்றால் யாருக்கும் தெரியும். முப்பது வருஷமாக மசாலாப் பொடி அரைத்து விற்கிறாள். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள்தான். மல்லி மூட்டையை வண்டியிலிருந்து இறக்கும்போதே எத்தனை கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவாள். தராசு எத்தனை விதமாகப் பொய் சொல்லும் என்பது அவளுக்கு மனப்பாடம். கணவர் முகமது பாரூக் தோல் வியாபாரி; வெளியே பத்துப் பேரை அதட்டுகிறவர், வீட்டுக்குள் வந்தால் செருப்பைக்கூட சத்தமில்லாமல் கழற்றுவார்.

சர்க்கரை முற்றி சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஐம்பத்தாறாவது வயதில், அவள் இந்த ஹாலுக்கு வந்தாள். முதல் நாளே ரூபி தமிழில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து விளக்க ஆரம்பித்தாள். கமர்ஜஹான் இரண்டாவது வரியிலேயே “தெரியும், தெரியும்” என்று சொல்லிவிட்டாள். கேள்வி கேட்பது தெரியாதவர்கள் செய்கிற வேலை என்பது அவளுடைய கட்சி. புத்தகம் வீட்டு பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பரிசோதனைச் சீட்டு வந்தால் அதிலிருக்கிற இங்கிலீஷ் பெயர்களைப் பிழையில்லாமல் வாசிப்பாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் வாசித்துக் காட்டுவாள். அந்தப் பெயர்கள் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

அப்போது அவள் பக்கத்துக் கட்டில் காலி. மற்ற ஆறு பேரும் நாலு கிலோ, நாலரை கிலோ என்று ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள். கமர்ஜஹானுக்கு மூன்று கிலோதான் ஏறும். அதுவும் அதிகம்தான், ஆனால் நாலைவிட மூன்று குறைவு. மூன்று மாதம் ரிமோட் அவள் கையைவிட்டுப் போகவில்லை. இதே ஹாலில் படுத்து, கையில் இரண்டு ஊசியைக் குத்திக்கொண்டு, சமையல் நிகழ்ச்சிகளைப் போட்டுவிட்டு அதில் மசாலா போடுகிற அளவு தப்பு என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாழ்க்கை ஏதோ ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கருப்பம்மாள் வந்தாள்.

ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம். புருஷன் பொன்னுத்துரையும் அவளும் முக்கால் ஏக்கரில் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டு, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து விற்கிறவர்கள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. கண்பார்வையும் மங்கல், பலகையில் எழுதியிருப்பது வெள்ளையில் ஏதோ கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கமர்ஜஹானுக்குப் பக்கத்துக் கட்டில் அவளுக்குக் கிடைத்தது. பாவம், ஒன்றும் தெரியாத ஜனம் என்று கமர்ஜஹான்தான் முதலில் இரக்கப்பட்டுத் தைரியம் சொன்னாள். நாலு மணி நேரம் சும்மா படுத்திருந்தால் போதும், எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றாள்.

கருப்பம்மாள் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ரூபியிடம் திரும்பி, “பாத்துக்கும்னா என்னத்தப் பாக்கும் தாயி?” என்று கேட்டாள்.

அதோடு நிறுத்தினாளா? அந்தக் குழாயில் போகிற ரத்தம் எங்கே போகிறது, எது அழுக்கு, எது தண்ணீர், குடிக்கிற தண்ணீர் எதனால் உடம்பில் தங்குகிறது, வாழைப்பழம் ஏன் ஆகாது என்று அரைமணி நேரம் கேட்டாள். ரூபிக்கு முகமெல்லாம் வெளிச்சம். டிரை வெயிட் என்கிற அந்த இருக்க வேண்டிய எடையை அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போது கருப்பம்மாள் குறுக்கே புகுந்தாள்.

“மார்க்கெட்டுக்குத் தண்ணி தெளிச்சுக் கொண்டாந்த பூவுக்குத் தரகர் கழிவு போடுவாருல்ல, அது மாதிரியா? ஈரத்தக் கழிச்சா மிச்சம் நிக்கிறதுதான பூவோட எட.”

ரூபி ஊசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் இதை இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை என்றாள். அன்றிலிருந்து புதிதாக யார் வந்தாலும் அந்தப் பூ உதாரணத்தைத்தான் சொன்னாள், கருப்பம்மாளின் பெயரையும் சேர்த்து.

கமர்ஜஹானுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது அந்த இடத்தில்தான். ஈர மிளகாய் வத்தலைக் கையில் அழுத்திப் பார்த்தே கிலோவுக்கு எத்தனை கிராம் தண்ணீர் என்று சொல்கிறவள் அவள். ஈரத்தைக் கழித்து எடை போடுவது முப்பது வருஷமாக அவள் தொழில். அந்த உதாரணம் நியாயமாக அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. வரவில்லை. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒருத்தி, வந்த அன்றே, அவள் கண்ணெதிரே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை கருப்பம்மாளுக்கு ஏறியிருந்தது ஒன்று புள்ளி நாலு. கமர்ஜஹானுக்கு மூன்று புள்ளி ஒன்று. ரிமோட் கட்டில் மாறியது.

அதுகூடப் பரவாயில்லை. கருப்பம்மாளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எடை மெஷினிலிருந்து இறங்கியதும், “நம்பரச் சத்தமாச் சொல்லு தாயி” என்பாள். ரூபி சத்தமாகச் சொல்வாள். ஹால் முழுக்கக் கேட்கும். பலகையைப் படிக்க முடியாதவள் வேறு எப்படித் தெரிந்துகொள்வாள் என்று எவரும் யோசிக்கலாம், கமர்ஜஹான் யோசிக்கவில்லை. தன் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கத்தச் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். இன்னொன்று அதைவிட மோசம். ஜெயித்த ரிமோட்டைக் கருப்பம்மாள் வைத்துக்கொள்வதே இல்லை. “எனக்கெதுக்கு, நீங்களே பாருங்க பாயம்மா” என்று இவளிடம் நீட்டுவாள். தானமாக வருகிற ரிமோட்டை வாங்கிக்கொள்ள கமர்ஜஹான் என்ன கையேந்துகிறவளா? டிவியே வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. பாரூக்கும் பொன்னுத்துரையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிநேகமாகிவிட்டார்கள். கருப்பம்மாள் வீட்டில் செய்வதெல்லாம் பொன்னுத்துரை வாய்வழியாகப் பாரூக்குக்கு வந்து, பாரூக் வாய்வழியாக நாகல் நகர் வரை வந்தது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்கிறாளாம். பாட்டிலில் மஞ்சள் பெயின்ட்டால் எட்டுக் கோடு போட்டிருக்கிறாளாம். காபி குடித்தால் ஒரு கோட்டுத் தண்ணீரைச் செடியில் ஊற்றிவிடுகிறாளாம். ரசம் ஊற்றிக்கொண்டால் அரைக் கோடு. பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. அதற்கு மேல் வாய் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. பாரூக் இதையெல்லாம் சொல்லிவிட்டு, தானே ஒரு பாட்டில் வாங்கிவந்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டு மேசையில் வைத்தார்.

“அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கயேன் கமரு. விவரமான மனுஷியா இருக்காக” என்றார்.

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் இவளை விவரமானவள் என்று ஒரு தடவை சொன்னதில்லை. கமர்ஜஹான் அந்தப் பாட்டிலை எடுத்து, மசாலா அரைக்கிற மில்லில் வேலைக்கு வருகிற சர்புன்னிசாவிடம் கொடுத்து, இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

தானும் குறைக்க வேண்டும் என்று அவள் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு வாரம் தண்ணீர்ச் சொம்பைத் தொடவே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் தேநீர் நாலு வேளை குடித்தாள். தேநீர் தண்ணீர் ஆகாது என்று நினைத்தாள். கஞ்சி சாப்பாட்டில் சேர்த்தி. தர்ப்பூசணி பழம், அதைத் தண்ணீர் என்று எவன் சொல்வான்? திங்கட்கிழமை எடையில் நின்றால் மூன்று புள்ளி மூன்று. பக்கத்தில் ஒன்று புள்ளி மூன்று என்று ரூபி சத்தமாகச் சொன்னாள். தண்ணீரே குடிக்காத தனக்கு மூன்று, பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறவளுக்கு ஒன்றா என்று கமர்ஜஹானுக்குத் தாங்கவில்லை. அந்த எடை மெஷினே கருப்பம்மாளுக்குச் சொந்தக்காரன் என்று தோன்றியது.

அப்போதுதான் அவள் அந்த எடை மெஷினைத் தொழில்காரியின் கண்ணால் பார்த்தாள்.

அது சுவரோரமாக, மருந்து வைக்கிற இரும்பு பீரோவை ஒட்டி இருந்தது. பீரோவின் நடுத்தட்டு அவள் இடுப்பு உயரத்தில் வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பர்தாவோடுதான் எடையில் ஏறுவாள். ரூபி துணிக்கு அரைக் கிலோ கழித்துக்கொள்வாள். பர்தாவுக்குள் கை எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

புதன்கிழமை ஏறினாள். உண்மையில் அன்று மூன்று கிலோ ஏறியிருந்தது. பர்தாவுக்குள்ளிருந்து இரண்டு விரலைத் தட்டின் விளிம்பில் ஊன்றினாள். எண் மெல்ல இறங்கியது. அறுபத்திரண்டு புள்ளி எட்டில் நிற்க வைத்தாள். அரைக் கிலோ போக அறுபத்திரண்டு புள்ளி மூன்று. இருக்க வேண்டிய எடை அறுபத்தொன்று. ஏற்றம் ஒன்று புள்ளி மூன்று. கருப்பம்மாளுக்கு அன்று ஒன்று புள்ளி நாலு. ரூபி ஆச்சரியப்பட்டுக் கைதட்டினாள். கருப்பம்மாளும் படுத்தபடியே, “நல்லா வந்துட்டீக பாயம்மா” என்றாள். கமர்ஜஹான் ரிமோட்டை வாங்கிக்கொண்டு, ராணி மாதிரி சாய்ந்து படுத்து, கருப்பம்மாளிடம் எந்தச் சேனல் வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவளுக்கு இருந்த சந்தோஷம், மகன் ரஃபீக்குக் கல்யாணம் ஆன அன்றுகூட இருந்ததில்லை.

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். கமர்ஜஹானின் நினைப்பில் அந்த எடை ஒரு மார்க். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடுவது போல ரூபி போடுகிற மார்க். மெஷின் வேறு, மார்க் வேறு. மெஷின் தன்பாட்டுக்கு நாலு மணி நேரத்தில் கெட்ட தண்ணீரையெல்லாம் எடுத்துவிடும் என்று அவள் திடமாக நம்பினாள். எடை பார்த்த கையோடு ரூபி மெஷினில் போய் ஏதோ எண்ணை அழுத்துகிறாளே, அது எதற்கு என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எத்தனை லிட்டர் எடு என்று சொன்னால் அத்தனை லிட்டர்தான் அது எடுக்கும். ரூபி சொல்வது எடை மெஷின் காட்டுகிற எண்ணை. எடை மெஷின் காட்டியது கமர்ஜஹானின் இரண்டு விரல் சொன்னதை.

அன்று மெஷின் எடுத்தது ஒன்று புள்ளி மூன்று. மிச்சம் ஒன்று புள்ளி ஏழு உள்ளேயே தங்கிவிட்டது. போகும்போதும் எடை பார்ப்பார்கள்; அப்போதும் விரலை ஊன்றி, துணி போக அறுபத்தொன்று வரும்படி நிறுத்தினாள். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. தப்பான தராசில் எல்லாமே ஒழுங்காகத்தான் பொருந்தும். அதுவும் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

வெள்ளிக்கிழமை விரல் போதவில்லை, உள்ளங்கையை ஊன்ற வேண்டியிருந்தது. பலகையில் ஒன்று புள்ளி இரண்டு. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று ரூபி கேட்டாள். காலையில் மாத்திரை போட மறந்துவிட்டதாகக் கமர்ஜஹான் சொன்னாள். கால் வீங்கியிருக்கிறதா, காட்டுங்கள் என்றாள். பஸ்ஸில் தொங்கப்போட்டு வந்தது என்று போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். நாகல் நகரிலிருந்து அவள் ஆட்டோவில் வருகிறவள் என்பது ரூபிக்கு அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. போர்வைக்குள் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து கருப்பம்மாள் இவள் கால் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். பொறாமையில் பார்க்கிறாள் என்று நினைத்துக் கமர்ஜஹான் குளிர்ந்துபோனாள்.

கள்ள எடை போடுகிறவனுக்கு ஒரு கட்டத்தில் தன் எடையே நிஜம் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சித்தையன்கோட்டையில் பாரூக்கின் தங்கை மகள் நர்கீஸுக்குக் கல்யாண விருந்து. உடம்பு எப்படி என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், எட்டுப் பேரில் தான்தான் முதல் என்று கமர்ஜஹான் சொன்னாள். ஒன்று புள்ளி இரண்டு ஏறுகிறவளுக்குப் பிரியாணியில் தால்சாக் குழம்பு இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினால் என்ன? ஊற்றிக்கொண்டாள். ரோஸ் மில்க் வந்தது, குடித்தாள். வெயிலுக்கு இன்னொன்றும் குடித்தாள். சாயங்காலம் வீட்டு மாடிப்படி ஏறும்போது ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். பாரூக் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். கேஸ் பிடித்திருக்கிறது என்றாள். அன்றைக்குப் படுக்க முடியவில்லை. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் கண்ணை மூடினாள்.

திங்கட்கிழமை காலை ஆட்டோவிலிருந்து ஹாலுக்கு நடக்கிற முப்பதடி தூரத்தில் மூன்று தடவை நின்றாள். பாரூக் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கருப்பம்மாளுக்கு ஊசி போட்டு மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. பலகையில் அவள் பெயருக்கு நேராக ஒன்று புள்ளி ஐந்து. இரண்டு நாள் இடைவெளியில்கூட ஒன்றரை. அதைப் பார்த்ததும் கமர்ஜஹான், பாரூக்கின் கையை உதறிவிட்டுத் தானாகவே எடை மெஷினில் ஏறினாள். முழங்கையைத் தட்டில் வைத்து மொத்தமாகச் சாய்ந்தாள். எண் ஆடி ஆடி நின்றது. ரூபி அரைக் கிலோ கழித்து, ஒன்று புள்ளி நாலு என்று எழுதினாள். எழுதிவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். முகம் சரியில்லை, மூச்சு இரைக்கிறது, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தாள். நடந்து வந்த களைப்பு என்று சொல்வதற்குள் கமர்ஜஹான் இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கட்டிலில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள். ரூபி மெஷினில் எண்ணை அழுத்தினாள். டாக்டர் போனை எடுக்கவில்லை என்று வாசல் வரை போனாள்.

“பாயம்மா” என்றாள் கருப்பம்மாள், தாழ்ந்த குரலில். “ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

கமர்ஜஹான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

“வெள்ளிக்கெழம உங்க காலப் பாத்தேன். மங்கலாத் தெரிஞ்சாலும் வீக்கம் தெரியாம இருக்குமா. இன்னைக்கு நீங்க எறங்குறப்ப பீரோக் கதவு கிரீச்சுனுச்சு. மார்க்கெட்டுல தட்ட அமுக்கி எட கூட்டுறவன அம்புட்டுப் பேரயும் எனக்குத் தெரியும். தூக்கிப் பிடிச்சுக் கொறைக்கிற ஆள இங்கதான் பாக்குறேன்.”

கமர்ஜஹானுக்கு அந்த மூச்சுத் திணறலிலும் முகம் சூடாகியது. பிடிபட்டாகிவிட்டது, அதுவும் யாரிடம். மறுத்துவிடலாமா என்றுதான் முதலில் பார்த்தாள். அதற்குள் கருப்பம்மாள் சொல்லி முடித்துவிட்டாள்.

“அந்த நம்பரு நமக்கில்ல பாயம்மா, மெஷினுக்கு. ஒன்னர லிட்டருன்னு சொன்னா அது ஒன்னர லிட்டருதான் எடுக்கும். மிச்சம் பூராம் உங்களுக்குள்ளயேதான் நிக்கிது. அதான் மூச்சு முட்டுது.”

உண்மையைச் சொன்னால், கமர்ஜஹானுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இதுவும் இவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. அதற்கு அடுத்த மூச்சு முழுதாக வராமல் பாதியில் நின்றபோதுதான் பயம் வந்தது. முப்பது வருஷம் எடை போட்ட மூளை, கேட்காமலே கூட்ட ஆரம்பித்தது. புதன்கிழமை மிச்சம், வெள்ளிக்கிழமை மிச்சம், தேநீர், தால்சா, ரோஸ் மில்க். நெஞ்சுக்குள் நின்று மூச்சை அடைக்கிறது எது என்று இப்போது தெரிந்துபோயிற்று. தன்னிடம் எவனும் ஈர வத்தலை விற்றுவிட முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், தன்னையே ஈரத்தோடு விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ரூபி திரும்பி வந்தாள். டாக்டர் பத்து நிமிஷத்தில் வருகிறார், அதற்குள் மெஷினைப் போட்டுவிடலாம் என்று ஊசியைக் கையில் எடுத்தாள்.

கமர்ஜஹானுக்கு இன்னொரு வழியும் தோன்றியது. மூச்சு முட்டுகிறது, கொஞ்சம் கூடுதலாக எடு என்று மட்டும் சொல்லலாம். மானம் போகாது, கருப்பம்மாள் வாயைத் திறக்க மாட்டாள், திறக்கிறவளாக இருந்தால் முன்னாலேயே திறந்திருப்பாள். ஆனால் எத்தனை கூடுதல்? இரண்டா, நாலா? அது அவளுக்கே தெரியாது. அவள் பொய் சொல்ல வைத்த அந்த எடை மெஷின் ஒன்றுக்குத்தான் தெரியும்.

“நில்லு ரூபி” என்றாள். “எட தப்பு. நான் கைய ஊனிக்கிட்டேன்.”

ரூபிக்குப் புரியவில்லை. எப்போது, எங்கே ஊன்றினீர்கள் என்று கேட்டாள். இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, புதன்கிழமை என்று கமர்ஜஹான் மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள். ஹாலில் மற்ற ஆறு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பெயர் தெரியாத ஏதோ சேனலில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

ரூபியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பீரோவைவிட்டு எட்ட, ஹாலின் நடுவுக்கு அந்த எடை மெஷினை இழுத்துப் போடச் சொன்னாள். பர்தாவைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். ஏறி நின்று, தொழுகையில் நிற்பது போல இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டாள். எண் ஏறியது. அறுபத்து மூன்றைத் தாண்டியது, அறுபத்தைந்தைத் தாண்டியது, அறுபத்தேழு புள்ளி எட்டில் நின்றது.

ரூபியின் முகத்தில் கோபமும் இருந்தது, அதைக் காட்ட இது நேரமில்லை என்பதும் இருந்தது. அவள் பலகைப் பக்கம் போகாமல், இவள் காதோரம் குனிந்து, இதை எழுத வேண்டாம் அம்மா, மெஷினில் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

கமர்ஜஹான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். கருப்பம்மாள் பலகை இருக்கிற திசைக்குத் தோராயமாக முகத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்குப் பலகை இல்லை என்பது இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தும் இன்றைக்குத்தான் கமர்ஜஹானுக்கு உறைத்தது.

“எழுது” என்றாள். “எழுதிட்டுச் சத்தமாச் சொல்லு. அந்தம்மாவுக்குக் கேக்கணும்.”

ரூபி எழுதினாள். “ஆறு புள்ளி எட்டு” என்று சொன்னாள். ஹால் முழுக்கக் கேட்டது.

டாக்டர் ஓடிவந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மெஷின் ஓடியது. வாசலில் பாரூக் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் பொன்னுத்துரையின் தலை தெரிந்தது. மெஷினில் ரூபி எண்ணை அழுத்துவதைக் கமர்ஜஹான் முதல் தடவையாகக் கண் எடுக்காமல் பார்த்தாள். நாலு என்று இருந்தது. ஆறு புள்ளி எட்டு இருக்கும்போது ஏன் நாலு என்று கேட்டாள். அந்த ஹாலில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. ஒரே நாளில் அத்தனையையும் உருவினால் இதயம் தாங்காது, மிச்சத்தை நாளைக்கு எடுப்போம் என்று ரூபி சொன்னாள். கமர்ஜஹான் வாயில் ‘தெரியும்’ என்று வந்தது. விழுங்கிவிட்டாள்.

ஒரு மணி நேரம் போன பிறகு மூச்சு அடிவரைக்கும் இறங்கியது. அன்றைக்கு ரிமோட் கருப்பம்மாளுக்குத்தான். அது அவள் போர்வை மேல் தொடுவாரில்லாமல் கிடந்தது. அவள் கட்டில் கம்பியில் ஒரு துணிப்பை தொங்கியது. பைக்குள்ளிருந்து பாட்டிலின் கழுத்தும், மஞ்சள் பெயின்ட்டில் மேலிரண்டு கோடும் தெரிந்தன. கமர்ஜஹான் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு கள்ள எடை. அப்படியேதான் இருந்தது, ஒரு கிராம் குறையவில்லை. ஒன்று புள்ளி ஐந்து என்கிற எண் நெஞ்சில் முள்ளாகத்தான் குத்தியது. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு நாளும் முடியாது போலிருந்தது.

ஆக்ஸிஜன் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, “கருப்பம்மா” என்று கூப்பிட்டாள்.

“சொல்லுங்க பாயம்மா.”

“அந்தப் பாட்டில்ல, தால்சாவுக்கு எத்தன கோடு?”

கருப்பம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தால்சா தெரியாது. அது கெட்டியாக இருக்குமா, தண்ணியாக இருக்குமா, ஒரு ஆள் எத்தனை கரண்டி ஊற்றிக்கொள்வார் என்று கேட்டாள். கமர்ஜஹான் சொல்ல ஆரம்பித்தாள்.